வேனில் வந்தது, குக்கூ! 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் கேள்விகள்

லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்று ஓர் ஊர், நான் வசிப்பது அங்கேதான். அங்கே கென்னட் ஆற்றங்கரையில் பழைய மடம் ஒன்றின் இடிபாடுகள் நிற்கின்றன. கூரையில்லாத அதன் கூடத்துச் சுவரில் பதித்த கல் ஒன்றில் ஒரு பாட்டு, சுரக்குறிகளோடு செதுக்கப்பட்டிருக்கிறது. 'சுமெர் இஸ் இகூமென் இன்' என்று தொடங்கும் அந்தப் பாட்டுக்கு வயது ஏறக்குறைய 760. வீட்டுக்கு வரும் நண்பர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். சிலர் சிரித்தார்கள். ஒரு குழந்தை எழுந்து ஆடியது. ஒரு தோழி, "நிறுத்து, எனக்குப் பயமா இருக்கு" என்றாள். இசை படித்த ஒருவர், "இரண்டே கார்டுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார். கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம். எல்லாருக்கும் சேர்த்துப் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

பாட்டின் சொற்கள் ஒன்றும் புரியவில்லை. என்னதான் சொல்கிறது?

இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் முழுதாகப் புரியாது. இது இங்கிலாந்தின் தென்பகுதியில் 13-ஆம் நூற்றாண்டில் பேசிய ஆங்கிலம். பேச்சுத் தமிழில் சொன்னால்தான் அதன் சுருதி கெடாமல் வரும் என்பது என் எண்ணம்:

வேனில் வந்தது, வந்தே விட்டது,
உரக்கப் பாடு குக்கூ!
விதை முளைக்குது, புல்வெளி பூக்குது,
காடு தளிர்க்குது இப்போ.
பாடு குக்கூ!
குட்டியைத் தேடி ஆடு கத்துது,
கன்றைத் தேடிப் பசு கதறுது,
காளை துள்ளுது, கடா குசு விடுது,
களிச்சுப் பாடு குக்கூ!
குக்கூ, குக்கூ,
நல்லாப் பாடுறே குக்கூ,
இனிமே நிறுத்தாதே எப்பவும்.

இவ்வளவுதான். காதலியும் இல்லை, கதையும் இல்லை. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

முதல் வரி 'கோடை வருகிறது' என்றுதானே வரவேண்டும்?

ஆங்கிலேயரே பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'இகூமென்' என்பது இன்றைய 'கமிங்' போலக் காதில் விழுவதால் வரும் மயக்கம் அது. அந்தச் சொல்லின் முன்னால் ஒட்டியிருக்கும் 'இ' செயல் முடிந்துவிட்டதைக் காட்டுகிறது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'கெகொம்மென்' என்கிறார்களே, அதன் உறவு. ஆகவே 'வந்துவிட்டது' என்பதே சரி.

இது இலக்கண நுணுக்கம் மட்டும் இல்லை. 'வருகிறது' என்றால் பாடுபவர் காத்திருக்கிறார். 'வந்துவிட்டது' என்றால் காத்திருப்பு முடிந்தது, கதவைத் திறந்து வெளியே ஓடிவிட்டார். இந்த வேறுபாடு தெரிந்த பிறகு பாட்டைக் கேட்டால் வேகமே வேறாகத் தெரியும்.

'கோடை' என்று போடாமல் ஏன் 'வேனில்' என்கிறீர்கள்?

கோடை என்றதும் நமக்கு வெயில் கொளுத்துவதும் கிணறு வற்றுவதும்தான் நினைவுக்கு வரும். "கோடை வந்துவிட்டது, பாடு" என்றால் தமிழ்க் காதுக்கு ஒட்டவே ஒட்டாது. அந்தக் கால ஆங்கிலத்தில் 'சுமெர்' என்ற சொல்லின் எல்லையும் இன்றைய 'சம்மர்' அளவு அல்ல. பழைய ஆங்கிலேயர்கள் ஆண்டை இரண்டே பாதியாகப் பிரித்தார்கள், வேனில் ஒன்று, குளிர் ஒன்று. 8-ஆம் நூற்றாண்டுத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் இதை எழுதிவைத்திருக்கிறார். பகல் நீளும் காலம் முழுக்க அவர்களுக்குச் 'சுமெர்'தான். பாட்டில் வரும் முளையும் தளிரும் ஆட்டுக்குட்டியும் ஏப்ரல், மே மாதக் காட்சிகள். நம் கணக்கில் சித்திரை, வைகாசி, அதாவது இளவேனில். குயில் கூவும் பருவமும் நமக்கு அதுதான்.

அதற்கு முன்னால் இருந்த குளிரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் ரெடிங்கில் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. இன்று எங்களுக்கு மின்விளக்கு இருக்கிறது, கடையில் காய்கறி கிடைக்கிறது. அன்று உப்புக்கண்டமும் காய்ந்த பயறும் தீர்ந்துகொண்டே வர, புல் முளைக்க வேண்டும், பசு கன்று ஈன வேண்டும், அப்போதுதான் மறுபடி பால். "விதை முளைக்குது" என்பதை வர்ணனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வயிற்றுக்கு வந்த செய்தி.

குக்கூ என்பது நம்ம ஊர்க் குயிலா?

ஒரே குடும்பம், வேறு பறவை. நம் குயிலில் ஆண் கன்னங்கரேலென்று இருக்கும். இது சாம்பல் நிறம், வயிற்றில் கோடுகள், பறக்கும்போது சிறு வல்லூறு என்றே நினைத்துவிடுவீர்கள். நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல இது நெட்டைக்காலி, நாணல்காட்டுச் சிறு குருவிகள் ஆகியவற்றின் கூட்டில் இடும். கூவல் இரண்டு சுரம்: மேலே ஒன்று, சற்றுக் கீழே ஒன்று. பெயரையே அதன் குரல்தான் கொடுத்தது.

அது ஏப்ரல் நடுவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்துசேரும். ஆகவே முதல் கூவல் காதில் விழுந்த நாளே பருவம் மாறிய நாள். நாட்காட்டி வீட்டில் இல்லாதவர்களுக்கு அதுதான் நாட்காட்டி.

கேட்கும்போது நாலைந்து பேர் வெவ்வேறு வரியைப் பாடுகிறார்கள். எதைப் பின்தொடர்வது?

தமிழ் நண்பர்கள் அத்தனை பேரும் கேட்ட கேள்வி இது. நம் காது ஒரே பாட்டு வரியைப் பிடித்துக்கொண்டு அதன் வளைவு நெளிவுகளோடு போகப் பழகியது. இங்கே அப்படிப் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் கை நழுவிவிடும்.

எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். முதலில் இரண்டு பேர் அடியில் நின்று "பாடு குக்கூ இப்போ, பாடு குக்கூ" என்ற சின்னத் துண்டைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். இந்தப் பாட்டு இருக்கும் பழைய கையெழுத்து ஏட்டில் அதற்குப் பெயர் 'பெஸ்', லத்தீனில் 'கால்'. பாட்டு நிற்கிற கால். இந்த இரண்டு பேரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் முன்பாதி, பின்பாதியை மாற்றிக்கொண்டு. ஒருவர் முதல் பாதியில் இருக்கும்போது மற்றவர் இரண்டாம் பாதியில் இருப்பார், பிறகு இடம் மாறும். நெசவில் பாவும் ஊடும்போல என்று எனக்குத் தோன்றும்.

அதன்மேல் ஒருவர் "வேனில் வந்தது" என்று தொடங்குகிறார். அவர் முதல் அடியை முடித்து அடுத்த அடிக்குப் போகும் இடத்தில் ஏட்டில் ஒரு சிலுவைக் குறி இருக்கிறது. அங்கே இரண்டாமவர் முதலிலிருந்து தொடங்குகிறார். அவர் அந்தக் குறிக்கு வந்ததும் மூன்றாமவர். பிறகு நான்காமவர். பள்ளியில் குழந்தைகள் 'ரோ ரோ ரோ யுவர் போட்' பாட்டை வரிசை வரிசையாகத் துரத்திப் பாடுவார்களே, அதே முறை. நான்கு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, ஆக ஆறு குரல். எழுத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் ஆறு குரல் பாட்டுகளில் இதுவே மிகப் பழையது.

ஏட்டில் இதை 'ரோட்டா' என்று குறித்திருக்கிறார்கள். சக்கரம் என்று பொருள். பருவங்களைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியாது.

கேட்கும் முறைக்கு வருகிறேன். முதல் தடவை கீழே இருக்கும் இரண்டு குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை முதலில் தொடங்கியவரை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போங்கள். மூன்றாம் தடவை யாரையும் பிடிக்காதீர்கள். அப்போதுதான் 'குக்கூ' என்ற சொல் ஒரு குரலிலிருந்து இன்னொரு குரலுக்குத் தாவுவது கேட்கும். தோப்பில் ஒரு பறவை கூவ, தூரத்தில் மற்றொன்று பதில் கூவுவதுபோல.

இரண்டே கார்டுதான் மாறி மாறி வருகிறது. சலிப்பாக இல்லையா?

18-ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் பர்னி என்ற இசை வரலாற்றாசிரியரும் இதையே சொன்னார். இந்தப் பாட்டை அச்சில் கொண்டுவந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். இதன் கட்டமைப்பின் பழமையைக் கண்டு வியந்தவரே, இரண்டு கார்டுக்கு மேல் நகரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அவர் காலத்து இலக்கணப்படி கூடாத பிழைகளும் இதில் உண்டு. இரண்டு குரல்கள் பஞ்சம இடைவெளியில் இணையாக நகர்வது அவற்றில் ஒன்று.

அவர் சொன்ன தகவல் சரி. ஸ என்ற இடத்தில் நிற்பது ஒன்று, ரி என்ற இடத்தில் நிற்பது ஒன்று, இவ்விரண்டுக்கும் நடுவே பாட்டு முழுக்க ஊஞ்சலாடுகிறது. ஆனால் அதைக் குறை என்று ஏற்க என்னால் முடியவில்லை. ஊஞ்சல் முன்னும் பின்னும்தான் போகும். பர்னி காலத்து இசை ஓரிடத்தில் புறப்பட்டு, அலைந்து, வீடு திரும்பும் பயணமாக இருந்தது. இந்தப் பாட்டு எங்கும் புறப்படவில்லை. வந்து சேர்ந்த மகிழ்ச்சியில் அங்கேயே சுற்றுகிறது. தம்பூரா மாறவில்லை என்று நாம் யாரும் குறை சொல்வதில்லையே.

இன்னொன்று. இந்தப் பாட்டின் இனிமைக்குக் காரணம் குரல்களுக்கு இடையே வரும் மூன்றாம் சுர இடைவெளி, ஸ-வும் க-வும் சேர்ந்து ஒலிக்கும் அந்தக் குழைவு. 13-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் இசை அறிஞர்கள் அதை முழு இணக்கமாக மதிக்கவில்லை. ஆனால் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய பெயர் தெரியாத ஆசிரியர் ஒருவர், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் அந்த இடைவெளியையே மிகச் சிறந்ததாகக் கொள்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். ஆக இது ஊர்ச்சுவை. அந்தச் சுவைதான் 760 ஆண்டுகள் கடந்தும் நம் காதுக்கு அந்நியமாகத் தெரியாமல் நிற்கிறது.

யார் இயற்றியது?

உறுதியான பெயர் கிடையாது. வைகோம்பைச் சேர்ந்த டபிள்யூ என்று ஒரு துறவி, ரெடிங் மடத்தோடு தொடர்புடையவர், பல குரல் பாட்டுகள் எழுதியவர். அவரைச் சிலர் சொல்வார்கள். ஃபோர்ன்செட்டைச் சேர்ந்த ஜான் என்ற இன்னொரு துறவியின் பெயரும் 19-ஆம் நூற்றாண்டில் அடிபட்டது. இரண்டுக்கும் நேரடிச் சான்று இல்லை.

எந்த ஆண்டு?

1260-களின் தொடக்கம் என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. 1944-இல் மான்ஃப்ரெட் புகோஃப்ட்சர் என்ற இசை ஆய்வாளர், இவ்வளவு வளர்ந்த நுட்பம் அவ்வளவு முன்னால் இருந்திருக்க முடியாது, 1310-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்று வாதிட்டார். நான்கே ஆண்டுகளில் ஸ்கோஃபீல்டு என்பவர் ஏட்டின் எழுத்தையும் அதன் பின்னணியையும் ஆராய்ந்து பழைய கணக்கே சரி என்று நிறுவினார்.

புகோஃப்ட்சர் சொன்ன இன்னொரு செய்தி கேட்பவர்களுக்கு முக்கியம். ஏட்டில் சுரக்குறிகளை யாரோ பின்னால் திருத்தியிருக்கிறார்கள். திருத்திய வடிவப்படி பாடினால் திஸ்ர நடை: தகிட, தகிட என்று துள்ளும். திருத்துவதற்கு முன் இருந்தது இரண்டிரண்டாக எண்ணும் நடை என்பது அவர் வாதம். அப்படியும் சிலர் பாடுகிறார்கள். ஒரே பாட்டின் இரண்டு பதிவுகளைக் கேட்டு "இது வேற பாட்டா?" என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான். உச்சரிப்பும் வேகமும் வாத்தியங்களும் பாடுபவர்களின் தேர்வு. ஏட்டில் வாத்தியம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. எனக்கு வெறும் குரல்தான் பிடிக்கும். மத்தளமும் குழலும் சேர்த்துச் சந்தைக் கூத்துபோல ஆக்கிவிடும் பதிவுகளில் அந்தக் குக்கூத் தாவல் காதில் விழாமல் போகிறது.

கடா குசு விடுது என்றா எழுதியிருக்கிறார்கள்? வேடிக்கைக்குச் சொல்கிறீர்களா?

இல்லை. 'பக்கே வெர்த்தெத்' என்பது ஏட்டில் இருக்கும் சொல். அந்தப் பகுதியில் சொல்லின் முதலில் வரும் 'ஃப' ஒலியை 'வ' என்று உச்சரிப்பார்கள். ஆகவே 'வெர்த்தெத்' என்பது 'ஃபெர்த்தெத்', அதாவது குசு விடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அந்தச் சொல்லுக்குக் கொடுக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டே இந்த வரிதான்.

19-ஆம் நூற்றாண்டுப் பதிப்பாளர்கள் சிலருக்கு இதை ஏற்க மனம் வரவில்லை. 'திரும்புகிறது', 'பசுமைக்குள் மறைகிறது' என்றெல்லாம் பொருள் எழுதினார்கள். லத்தீனில் 'வெர்த்தெரே' என்றால் திரும்புதல், அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த லத்தீன் சொல் அந்தக் காலத்து ஆங்கிலப் பேச்சில் புழங்கியதற்குச் சான்று இல்லாததால் அந்த விளக்கம் வலுவாக நிற்கவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் உண்டு.

மாடு ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. குளிர்காலம் முழுக்கக் காய்ந்த தீவனம் தின்ற விலங்கு, திடீரென்று ஈரப் பச்சைப்புல்லை வயிறுமுட்ட மேய்ந்தால் என்ன ஆகும்? என் மாமியார் இந்த வரியைக் கேட்டதும், "புதுப்புல்லு மேஞ்சா அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அறிஞர்களின் சண்டையைவிட அந்த வார்த்தையில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இப்படிப்பட்ட பாட்டு ஒரு மடத்து ஏட்டில் எப்படி வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ரெடிங் மடத்தை 1121-இல் அரசர் முதலாம் ஹென்றி நிறுவினார். செல்வாக்குள்ள பெரிய மடம். இந்தப் பாட்டு இருக்கும் ஏடு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில், ஹார்லி 978 என்ற எண்ணில் இருக்கிறது. அந்த ஒரே தொகுப்புக்குள் மருத்துவக் குறிப்புகள் இருக்கின்றன. 1264-இல் நடந்த லூயிஸ் போரைப் பற்றிய லத்தீன் பாட்டு இருக்கிறது. மரீ த ஃபிரான்ஸ் என்ற பெண் கவிஞரின் பிரெஞ்சுக் காதல் கதைப்பாடல்கள் பன்னிரண்டும் இருக்கின்றன. துறவிகளின் அறிவுலகம் நாம் நினைப்பதைவிட அகலமானது.

அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஆங்கிலச் சொற்கள் கறுப்பு மையில் இருக்கும். அதற்கு நேர் கீழே, அதே சுரங்களுக்கு, சிவப்பு மையில் லத்தீன். 'பெர்ஸ்பிசே கிறிஸ்திகோலா', கிறிஸ்துவை வணங்குபவனே, பார் என்று தொடங்குகிறது அது. விண்ணுலக உழவர் (கடவுள்) கொடிமுந்திரியின் (மனித குலத்தின்) குற்றத்துக்காகத் தம் மகனையும் விட்டுவைக்காமல் சாவுக்கு ஒப்படைத்ததையும், அரை உயிராய்க் கிடந்த சிறைப்பட்டவர்களுக்கு அந்த மகன் வாழ்வு கொடுத்ததையும் சொல்கிறது. உழவர் என்ற சொல்லைக் கவனியுங்கள். மேலே விதை முளைக்கிறது, கீழே உழவர் நிற்கிறார். ஈஸ்டரும் குக்கூவும் ஒரே பருவத்தில்தான் வருகின்றன. அடியில் இருவர் பாடும் 'கால்' மெட்டின் தொடக்கம், ஈஸ்டர் காலத்தில் மரியாளை வாழ்த்திப் பாடும் 'ரெஜினா சேலி' கீதத்தின் தொடக்கச் சுரங்களோடு ஒத்துப்போவதையும் ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

எந்த மொழி முதலில் வந்தது என்பதில் இன்னும் கருத்து ஒன்றுபடவில்லை. லத்தீன் சொற்கள் மெட்டில் சற்று இறுக்கமாகவும், ஆங்கிலச் சொற்கள் தாமாகவும் உட்காருவதாக என் காதுக்குப் படுகிறது.

கேட்டால் எனக்கு ஏனோ பயமாக இருக்கிறது. ஏன்?

'தி விக்கர் மேன்' படம் பார்த்திருப்பீர்கள். 1973-இல் வந்தது. காணாமல் போன ஒரு சிறுமியைத் தேடி, பக்தியுள்ள கிறிஸ்தவரான காவல் அதிகாரி ஒருவர் ஒரு தீவுக்குப் போகிறார். தீவு மக்கள் பழைய தெய்வங்களை வணங்குபவர்கள். முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்திருந்தது. கடைசியில் மிலார்களால் பின்னிய பிரம்மாண்டமான மனித உருவத்துக்குள் அவரை அடைத்துத் தீ வைக்கிறார்கள். அது எரியும்போது, ஊரே கைகோத்து ஆடியபடி, சிரித்த முகத்தோடு இந்தப் பாட்டைத்தான் பாடுகிறது.

என் தோழி பயந்ததற்குக் காரணம் அதுதான். அவள் முதலில் கேட்டதே அந்தக் காட்சியில். படத்தை எடுத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சொற்களை ஏறக்குறைய இன்றைய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டு, பாட்டின் மகிழ்ச்சியையே கொடூரமாக்கிவிட்டார்கள். இத்தனை பேர் இவ்வளவு மகிழ்ச்சியாகச் சேர்ந்து பாடும்போது, வெளியே நிற்கும் ஒருவன் எவ்வளவு தனியன் ஆகிவிடுகிறான் என்பது அந்தக் காட்சியில் தெரியும்.

ஆனால் ஒன்று. உள்ளே எரிந்துகொண்டிருப்பவர் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற சங்கீதத்தைச் சொல்கிறார், வெளியே குக்கூப் பாட்டு. படம் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஏட்டிலோ இரண்டும் ஒரே மெட்டின் கீழ், கறுப்பும் சிவப்புமாக, ஒரே பக்கத்தில் அமைதியாக இருக்கின்றன. இது கிறிஸ்தவத்துக்கு முந்தைய, ஆதிகாலத்து 'பேகன்' பாட்டு என்று படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்களிடம் அந்தப் பக்கத்தின் படத்தைத்தான் நான் காட்டுவேன்.

இதே பாட்டு கெட்ட வார்த்தையோடு இருக்கிறதாமே?

அது எஸ்ரா பவுண்ட் எழுதிய கேலி. அமெரிக்கக் கவிஞர், முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் இருந்தவர். வேனிலுக்குப் பதில் குளிரை வரவழைத்து, குக்கூ இருந்த இடத்தில் ஒரு சாபச் சொல்லைப் போட்டு, மழையையும் சகதியையும் வைது தள்ளினார். லண்டன் ஜனவரியில் பேருந்து சேறடித்த யாருக்கும் அது உடனே பிடித்துப்போகும். மூலப் பாட்டு எல்லாருக்கும் பள்ளியிலேயே தெரிந்திருந்தால்தான் இப்படிக் கேலி செய்ய முடியும்.

குழந்தைகளுக்குப் பிடிக்குமா?

மிகவும். ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1949-இல் எழுதிய 'ஸ்பிரிங் சிம்பொனி'யின் முடிவில், பெரியவர்கள் எல்லாரும் வால்ட்ஸ் என்ற ஆட்ட நடையில் பாடிக்கொண்டிருக்கும்போது சிறுவர் குழு குறுக்கே புகுந்து இந்தப் பாட்டைப் பாடும். இதன் சிறுவயதுத்தனத்தைப் பிரிட்டன் அளவுக்குப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை என்பேன். 1972 மியூனிக் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் ஜெர்மன் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃபின் அமைப்பில் இது ஒலிக்க, குழந்தைகள் ஆடினார்கள்.

குளிரைப் பற்றி இதே காலத்தில் பாட்டு உண்டா?

உண்டு. இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்க வேண்டும். 'மிரி இட் இஸ்' என்று தொடங்கும். 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் ஒரே ஒரு தாளில் மிஞ்சியிருக்கிறது. ஒரே ஒரு குரல், ஒரே ஒரு பத்தி. வேனில் இருக்கும்வரை பறவைப் பாட்டோடு இன்பம், இப்போதோ காற்றும் கடும்வானிலையும் நெருங்குகின்றன, ஐயோ இந்த இரவு எவ்வளவு நீளம், நான் வருந்தி, புலம்பி, பட்டினி கிடக்கிறேன் என்கிறது.

அதைக் கேட்டுவிட்டு உடனே குக்கூவைக் கேளுங்கள். அங்கே ஒருவர் தனியாக முனகுகிறார். இங்கே ஆறு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பாடுகிறார்கள். பருவம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது அந்த எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

இதில் சோகம் கொஞ்சம்கூட இல்லையா?

கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "நிறுத்தாதே எப்பவும்." குக்கூ நிறுத்திவிடும் என்று தெரிந்தவர்தானே இப்படிக் கெஞ்ச முடியும்? ஜூன் முடிவதற்குள் அதன் குரல் அடங்கிவிடும். நான் 'நிறுத்து' என்று பெயர்த்த மூலச் சொல் 'ஸ்விக்', அதற்கு 'ஏமாற்று' என்றும் பொருள் உண்டு. அயலான் கூட்டில் முட்டையிடும் பறவையிடம் 'ஏமாற்றாதே' என்று சொல்வதில் ஒரு குறும்பும் இருக்கலாம்.

இன்று அந்த வரி வேறு மாதிரி குத்துகிறது. பிரிட்டனில் குக்கூ எண்ணிக்கை வெகுவாகக் குறைந்து, 2009-இல் அங்கே பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2011 முதல் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளை சில குக்கூக்களின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்கிறது. குளிர்காலத்தில் அவை காங்கோ ஆற்றுப் படுகைவரை போவது அப்படித்தான் உறுதியானது. ரெடிங்கில் இத்தனை ஆண்டுகளாக இருந்தும் நான் குக்கூவை இரண்டே முறைதான் நேரில் கேட்டிருக்கிறேன். இரண்டாம் முறை, வயல் ஓரத்தில் நின்று, என்னை அறியாமல் அந்தக் கடைசி வரியை வாய்விட்டுச் சொன்னேன்.

நாங்களே பாடிப் பார்க்கலாமா?

பாடாமல் இது பாதிதான் புரியும். இது அரங்கில் உட்கார்ந்து கேட்பவர்களுக்காக எழுதியது அல்ல என்பதற்கு ஏடே சான்று. ஓரத்தில் லத்தீனில், எப்படிப் பாடுவது என்று முழுக் குறிப்பு இருக்கிறது. 'நான்கு தோழர்கள் இந்தச் சக்கரத்தைப் பாடலாம், மூன்று பேருக்கு, குறைந்தது இரண்டு பேருக்குக் குறைவாகப் பாடக்கூடாது, அடியில் 'கால்' மெட்டைப் பாடுபவர்கள் இதில் சேர்த்தி இல்லை' என்கிறது. தோழர்கள் என்ற சொல்தான் அங்கே இருக்கிறது, பாடகர்கள் என்று இல்லை.

மெட்டு ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். சங்கீதம் படித்திருக்க வேண்டாம். முதலில் அத்தனை பேரும் ஒன்றாகப் பாடி மெட்டை மனப்பாடம் செய்யுங்கள். பிறகு தாளம் கெடாதவர்கள் இரண்டு பேரைக் 'கால்' மெட்டைப் பாட நிறுத்துங்கள், மற்றவர்கள் வட்டமாக நில்லுங்கள். எழுதியிருக்கும் நிறுத்தத்தில் மட்டும், ஒரு நெடில் அளவு நின்று மூச்சு வாங்குங்கள், வேறெங்கும் நிற்காதீர்கள். இதுவும் ஏட்டுக் குறிப்பிலேயே உள்ளதுதான்.

நாங்கள் முதலில் பாடியபோது ஐந்து பேர். மூன்றாமவர் சேரும்வரை எனக்கு என் வரி மட்டுமே கேட்டது, பிடி நழுவிவிடுமோ என்ற கவலையில் இருந்தேன். அவர் சேர்ந்த பிறகு, நான் சற்று முன் பாடிவிட்டு வந்த வரி இடப்பக்கத்திலிருந்து எனக்கே திரும்பி வந்தது. கவலை எங்கே போனதென்று தெரியவில்லை.

எப்படி முடிப்பது?

அதைப் பற்றி ஏட்டில் குறிப்பு எதுவும் இல்லை. சிலர் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துகிறார்கள், சிலர் ஒரு கை அசைவில் எல்லாரும் ஒன்றாக நிறுத்துகிறார்கள். நாங்கள் மேலே பாடுபவர்களை ஒவ்வொருவராக விடுவித்துவிட்டு, அடியில் இருக்கும் இருவரைக் கடைசிவரை விட்டுவைப்போம். "பாடு குக்கூ இப்போ, பாடு குக்கூ." அவர்களுக்கு மூச்சு வாங்கும்போது முடியும்.